பச்சை நாடாவுக்கு அப்பால்

காலையில் வேலைக்குப் போன பிள்ளை மதியம் தாண்டியும் வரவில்லையென்றால் எந்தத் தாயும் வாசலைப் பார்க்கத்தான் செய்வாள். அன்றைக்குப் பார்க்க வாசலே தெரியவில்லை. மழை அப்படி. காற்று, தெருவிலிருந்த தகரங்களையெல்லாம் பிடுங்கி, எது யார் வீட்டுத் தகரம் என்று தெரியாதபடி கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

பிள்ளைக்கு ஏரிக்கரை பம்ப் ஹவுஸில் வேலை. ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றிவிடுகிறவன், இன்று தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டான். சாலை மூழ்கிவிட்டது. போன் போட்டால் ஒரு பெண்குரல் சலிக்காமல் மன்னிப்புக் கேட்டது.

அவன் மனைவி தையல்காரி. தைக்க வந்த துணிகளை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றினாள். ஜன்னல் இல்லாத நடு அறைக்கு மாமியாரைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். எமர்ஜென்சி விளக்கைப் போட்டாள். கடைசியாக, அலமாரியிலிருந்து புத்தகத்தையும் எடுத்து வந்தாள், நனைந்துவிடக் கூடாதே என்று.

அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் சேர்த்து எப்போதும் ஒரே புத்தகம்தான், நூலகத்திலிருந்து. சாப்பிட்ட கை காய்வதற்குள் ஒருவர் வாசிக்க ஆரம்பிப்பார், மற்றவர் கேட்பார். நிறுத்திய இடத்தில், பாவாடைக்குக் கோக்கிற பச்சை நாடாவில் ஒரு துண்டு. அந்த நாடாவைத் தாண்டித் தனியாகப் படித்தால் அது திருட்டு. ஒருமுறை அவன் திருடினான். அன்று மாலை அவள் வாசிக்கும்போது, கதையில் யாரும் சாவதற்கு முன்பே அவன் முகம் வாடிவிட்டது. பிடிபட்டான். ஒரு வாரம் அவள் அவனோடு பேசவில்லை. சோற்றுத் தட்டைத்தான் பேசவிட்டாள்.

மாமியாருக்கு இதெல்லாம் கூத்து. "நானும் உங்க மாமாவும் ஒரு கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சேர்ந்து படிச்சதில்ல. குடும்பம் நடக்கலியா?" என்பாள்.

கதவு இடிபட்டது. மாடி வீட்டு அக்கா, ஈரப் புடவையோடு. தெருவில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். கரண்ட் போனாலும் ஓடுகிற ரேடியோ. மேலே ஜன்னல் கண்ணாடி உடைந்ததென்று இறங்கி வந்தவள், வந்ததும் வராததுமாகச் செய்தியை இறக்கினாள்.

"தங்கச்சி, மனசைத் திடப்படுத்திக்கோ. பம்ப் ஹவுஸ் சுவர் விழுந்துடுச்சாம்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

"இந்த மழையில எல்லாரையும் நீங்க எங்கக்கா பார்த்தீங்க?"

ரேடியோ தையல்காரியின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்க்கப் பார்த்தாள். இழவு வீட்டில் பிடிக்கிற பிடி அது. மாமியாரின் தொண்டையில் ஒரு கேவல் கிளம்பியது. தையல்காரிக்கு அந்தச் சுவர் தெரியும். சட்டையைக் கழற்றி அவன் மாட்டுகிற ஆணி அதில்தான் இருக்கிறது. ஆனாலும் ரேடியோவின் கையை எடுத்து அப்பால் வைத்தாள்.

"இந்த வீட்டுல இப்ப யாரும் அழக் கூடாது. அழணும்னா மேல போய் அழுங்கக்கா, அங்கதான் ஜன்னல் திறந்திருக்கு. இங்க நான் வாசிக்கப் போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? புருஷன் அங்க…"

"அவர் வர்ற வரைக்கும் எனக்கு வேற வேலையில்ல."

முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். கப்பலில் சமையற்காரியாகச் சேர்ந்த ஒருத்தியின் கதை. காற்று ஊளையிட்டால் இவளும் குரலை உயர்த்தினாள். அலை வருகிற இடத்தில் எழுத்துகள் கண்ணுக்குள் மிதந்தன. விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். கொஞ்ச நேரத்தில் மாமியார் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இந்த கேப்டன் முழியே சரியில்ல" என்றாள்.

"அவன் முழியைப் பத்தி எங்கம்மா எழுதியிருக்கு?" என்றாள் ரேடியோ.

"எழுதணுமா? கேட்டாலே தெரியுது."

சமையற்காரி கேப்டனைப் பண்டக அறையில் தள்ளிப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினால், கேப்டன் எதிரே நிற்கிறான். உள்ளேயிருந்து யாரோ தட்டுகிறார்கள்.

அங்கே பச்சை நாடா. தையல்காரி புத்தகத்தை மூடினாள்.

"ஏன் நிறுத்திட்டே?" என்றாள் மாமியார்.

"இதுவரைக்கும்தான் அத்தை. மிச்சம் அவர் வந்தப்புறம்."

"தட்டறது யாருன்னு மட்டும் சொல்லிடு தங்கச்சி" என்று ரேடியோ கெஞ்சினாள்.

"எனக்கே தெரியாது. நாடாவைத் தாண்ட மாட்டேன்."

தாண்டினால் அவன் இனி வரமாட்டான் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சமையலறை ஜன்னல் கொக்கி விட்டுக்கொண்டு அடித்தது. ஓடிப்போய்த் ஒரு துண்டுத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தவள் கதவு நிலையிலேயே நின்றுவிட்டாள். மாமியார் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, புத்தகத்தை மூக்கருகே பிடித்து, எழுத்துக் கூட்டி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். பச்சை நாடா அவள் மணிக்கட்டில் சுற்றிக் கிடந்தது.

"என்ன அத்தை பண்றீங்க?"

"திருடறேன்."

"அத்தை…"

"ஒரு பக்கம் தாண்டிட்டேன், இன்னும் தாண்டுவேன். அவன் வந்து சண்டை போடட்டும். சண்டை போடறதுக்காவது வந்து தொலையட்டும்." புத்தகத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "என் பிள்ளையை எனக்குத் தெரியும். சும்மா கூப்பிட்டா வரமாட்டான். ரோஷம் வந்தா ஏரியையே நீந்தி வருவான்."

தையல்காரி அருகில் உட்கார்ந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

"நீங்க எழுத்துக் கூட்டினா புயல் முடிஞ்சு அடுத்த புயல் வந்துடும். குடுங்க, திருடறதை ஒழுங்காத் திருடுவோம்."

கூரை அதிர அதிர வாசித்தாள்.

மறுநாள் காலையில் மழை வெறித்தது. இடுப்புவரை சேறாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வந்தான். சுவர் விழுந்தது உண்மைதான். பம்ப் மேடையில் ஏறி உட்கார்ந்திருந்தானாம். தாய் அவன் தலையைத் தடவினாள், கன்னத்தைத் தடவினாள். அந்தக் கையில் கிடந்த நாடாவை அவன் பார்த்துவிட்டான்.

"யாரு தாண்டினது?"

"நான்தான். என்ன பண்ணுவே?" என்றாள் தாய்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைக்காமலே நிமிர்ந்து நின்றாள்.

"நானும்தான். முழுசா முடிச்சாச்சு. தைரியமிருந்தா ஒரு வாரம் பேசாம இருங்க பார்க்கலாம்."

அவன் செருப்பைக் கீழே போட்டான். "சரி, உள்ளேயிருந்து தட்டினது யாரு?"

"அது வந்து தம்பி…" என்று ரேடியோ வாயைத் திறந்தாள். மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்த பார்வையில், வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு செய்தியை அவள் அப்படியே விழுங்கினாள்.