நடந்ததற்கு இரண்டு வடை

"ரெண்டு போதுமாக்கா?"

வடைக்கடை சண்முகத்தாய் கரண்டியை எண்ணெய் வடியத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள். பவானி கைப்பேசியைப் பார்த்தாள். ஐந்து கிலோமீட்டர் நடந்ததில் இருநூற்று எண்பது கலோரி எரிந்திருந்தது. எரிந்ததை அப்படியே அன்றைய சாப்பாட்டு அளவில் அதிலிருந்த செயலி கூட்டியும் கொடுத்திருந்தது.

"ரெண்டே ரெண்டு. நடந்ததுக்குச் சரியாப் போச்சு."

"அப்ப எதுக்கு நடக்குறீக? வீட்டுல படுத்துக் கெடக்கலாம்ல?"

"நான் படுத்துக்கிட்டா ஒன் வடைய யாரு திங்கிறது?"

இருவரும் சிரித்தார்கள். பவானி முதலில் நிறுத்திக்கொண்டாள்.

எட்டுக் கிலோ குறைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தார் மதுரை டாக்டர். அதற்குப் பிறகுதான் தம்பி வேல்பாண்டிக்கு அவளுடைய சிறுநீரகத்தை வைக்க முடியும். "ரெண்டு இருக்குல்ல, ஒண்ணு என் தம்பிக்கு" என்று சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் சொன்னவள் அவள்தான். டாக்டர் அவள் இடது விலாவுக்குக் கீழே விரலால் ஒரு கோடு இழுத்து, இங்கேதான் என்று காட்டினார். மறுநாளே கேன்வாஸ் ஷூ வாங்கினாள். காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டங்களை ஒட்டி நடந்தாள். வீட்டில் எல்லோரும் பார்க்கக் கேப்பைக்கூழ் மட்டும் குடித்தாள். இரண்டு மாதத்தில் குறைந்தது ஒரே ஒரு கிலோ. "ஒடம்பு வாகு அப்படி" என்றாள். எடை மெஷினின் முள் நகராத ஒவ்வொரு முறையும் மனதுக்குள் முதலில் வந்தது கவலை இல்லை. என்ன வந்தது என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

"யக்கா."

திரும்பினால் வேல்பாண்டி. டயாலிசிஸுக்கு எப்போதும் மச்சினன் பைக்கில் போகிறவன், இன்று கடையை ஒட்டிய ஸ்டாப்பில் கம்பம் பஸ்ஸுக்கு நின்றான். பவானியின் கை தானாகவே வடைப் பொட்டலத்தை இடுப்புச் சேலைக்குள் செருகியது.

"உக்காருங்க தம்பி. ஒங்க அக்காதான் தெனமும் எனக்கு மொதப் போணி" என்றாள் சண்முகத்தாய்.

"தெனமுமா?"

அவன் பெஞ்சில் உட்கார்ந்து அரை கிளாஸ் டீ கேட்டான். ஒரு நாளைக்கு அவனுக்கு எல்லாம் சேர்த்து ஒரு பாட்டில் தண்ணீர்தான். நாக்கை நனைத்துக்கொள்வதுபோல இரண்டு மிடறு குடித்துக் கிளாஸைக் கீழே வைத்தான்.

"போன்லயே சொல்லுதுடா" என்றாள் பவானி. யாரும் கேட்கவில்லை. "நடந்தா, நடந்த அளவுக்குத் திங்கலாம்னு." கைப்பேசியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

வாங்கி நெடுநேரம் பார்த்தான். "நல்ல போனா இருக்கே. தண்ணிக்கும் இப்பிடி ஒண்ணு இருந்தாச் சொல்லுக்கா."

சண்முகத்தாய் மட்டும் சிரித்தாள்.

"மதுரைக்கு எப்ப வரச் சொல்லிருக்காக?" என்று கேட்டான் வேல்பாண்டி.

"அடுத்த மாசம்."

"பயமா இருந்தாச் சொல்லிரு யக்கா. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"எனக்கென்னடா பயம்?" அவள் குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது. எதிரே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேல்பாண்டி ஷூ அணிந்த அவள் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பஸ் வந்தது. வீங்கிய பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

"ஆறிப்போகப் போகுது. எடுத்துத் தின்னுக்கா."

பஸ் கிளம்பிவிட்டது. குடிக்காத மிச்ச டீயோடு அவன் கிளாஸ் பெஞ்சில் இருந்தது. பவானி பொட்டலத்தை எடுக்கவில்லை. டாக்டர் விரல் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் வடையின் சூடு இன்னும் சுட்டது. எண்ணெய் சேலையில் மெல்லப் பரவி, அவர் இழுத்த கோட்டைத் தேடுவதுபோல மேலே ஏறிக்கொண்டிருந்தது.