ஆபீசர் படிப்பார்

"நடுவுல நாம சண்டை போட்டா?"

"போடக் கூடாது."

"போட்டுட்டா?"

"வாயால போடு. எழுத்துல மட்டும் வேணாம் தாயே. ஆபீசர் படிப்பாரு."

விசா ஆலோசகரின் அலுவலகப் படிக்கட்டில் நானும் என் கணவரும் இப்படிப் பேசிப் பதினைந்து மாதமாகிறது. அன்று எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டாவது நாள். இன்னும் நான்கு நாளில், வேலை பார்க்கும் வெளிநாட்டுக்கு அவருக்கு விமானம். கையில் மனுவின் நகல், இரண்டு விரல் கனத்துக்கு. இருவரும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினோம்.

ஆலோசகர் சொன்னது இவ்வளவுதான். மனைவியை அழைத்துக்கொள்ளும் மனு என்றால், அது உண்மையான கல்யாணம் என்று நிரூபிக்க வேண்டும். தினமும் பேசுங்கள், எழுதுங்கள், எதையும் அழிக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அச்செடுத்துக் கொடுங்கள், மொழிபெயர்த்து அனுப்பிவிடுகிறேன், விசா ஆபீசர் படிப்பார். பேசும்போதே நாலு தாளை எடுத்துத் தட்டி, ஓரம் சேர்த்து, 'டக்' என்று பின் அடிப்பார். அதனால் என் அத்தை, அதாவது மாமியார், அவருக்கு ஸ்டேப்ளர் என்றே பெயர் வைத்துவிட்டார்.

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். முறுக்கிய போல்ட்டை இன்னொரு தடவை முறுக்கிப் பார்க்கிற ரகம். அங்கே போய்ச் சேர்ந்த மறுநாளே அவரிடமிருந்து செய்தி வந்தது: 'என் அன்பு மனைவிக்கு இனிய காலை வணக்கம். நான் நலம். நீ நலமா?'

உடனே போன் செய்தேன்.

"என்னங்க இது, லீவ் லெட்டர் மாதிரி?"

"மொழிபெயர்க்கிறவங்களுக்குப் புரியணும்ல."

"பொண்டாட்டிக்குப் புரிஞ்சா போதாதா?"

"உனக்குத்தான் நான் முக்கினாலும் முனகினாலும் புரியுமே."

இப்படிப் பேசுகிறவரிடம் எப்படிக் கோபப்படுவது? நானும் அந்த நடைக்கு மாறினேன். நான் பல் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் இடம். ஒரு நாள் தேய்க்கும் எந்திரம் விரலைப் பதம் பார்த்துவிட்டது. மூன்று தையல். கை முழுக்க விண்விண் என்று தெறித்தது. நான் எழுதியது: 'இன்று விரலில் சிறு காயம். உங்கள் நினைவால் வலி தெரியவில்லை.' என் பிறந்த நாளை அவர் மறந்தபோது, 'உங்கள் வேலைப்பளு எனக்குப் புரிகிறது' என்று எழுதி முற்றுப்புள்ளியும் வைத்தேன். அன்று மூன்று கடைவாய்ப் பற்களை அளவுக்கு மேல் தேய்த்துக் கெடுத்ததை ஆபீசருக்கு எழுதவில்லை.

வாயால் சண்டை போடலாம் என்றுதானே பேச்சு? அதுவும் நடக்கவில்லை. என் மதிய இடைவேளை அவருக்கு விடிகாலை. எனக்கு இருபது நிமிடம், அவருக்கு வண்டியைக் கிளப்பும் அவசரம். அதற்குள் எங்கே மூக்கைச் சிந்துவது? எழுத்தில் பழகிய பதவிசு பேச்சிலும் ஏறிவிட்டது. நன்றி, பரவாயில்லை, புரிகிறது. எங்கள் பேச்சைக் கேட்டால், வங்கி மேலாளரும் வாடிக்கையாளரும் பேசுவதாகத்தான் யாரும் நினைப்பார்கள்.

மனு போட்டபோது அந்த அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில் பன்னிரண்டு மாதம் என்று இருந்தது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை அந்த எண் மாறும். பன்னிரண்டு, பதினான்கு, ஒரு மாதம் பதின்மூன்று, அப்புறம் பதினேழு. பதின்மூன்றுக்கு இறங்கிய அன்று அத்தை எனக்கு இரண்டாவது காபி போட்டுத் தந்தார். இப்போது பத்தொன்பது.

அத்தை நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கோப்புகளின் குணம் தெரிந்தவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தைப் படித்தார்.

"எண்பது சதவீதம் மனுக்கள் இந்தக் காலத்துக்குள்ள முடிஞ்சதாம். சரி, மீதி இருபது பேர் என்ன ஆனாங்க? அதை எங்கயாவது போட்டிருக்கானா பாரு."

போடவில்லை. நான் கீழே வரை தேடிவிட்டேன்.

பிளாஸ்டர் அச்சு இறுக எட்டு நிமிடமாகும். அதற்குள் மூன்று முறை அந்தப் பக்கத்தைத் திறப்பேன். 'உங்கள் கோப்பு பரிசீலனையில் உள்ளது.' மூடுவேன். மெழுகு காயும் வரை இன்னொரு முறை. கூடத்தின் உரிமையாளரான டாக்டரம்மா, பீங்கான் பல் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாளராகப் போடுவதாக இரண்டு முறை கேட்டார். "அடுத்த மாசம் விசா வந்துடும் மேடம்" என்று இரண்டு முறையும் சொன்னேன். இரண்டாவது முறை அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் குளிர்காலக் கோட்டு ஒன்று கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டே இருக்கிறது. பாதி அடுக்கிய பெட்டி கட்டிலுக்கு அடியில். மருத்துவப் பரிசோதனைச் சான்று ஒரு வருடத்தில் காலாவதியாகி, திரும்பவும் போய் எக்ஸ்ரேக்கு மூச்சை இழுத்துப் பிடித்து நின்றேன். 'அடுத்த மாசம் வந்துடும்' என்பதால் அவரும் லீவு போட்டு வரவில்லை. நான் போய்ச் சேர்ந்ததும் சேர்ந்து ஊர் சுற்றுவதற்காக எல்லா லீவையும் சேர்த்து வைத்திருக்கிறார். ஆக, இருபத்திரண்டு நாள் சேர்ந்து இருந்ததுதான் எங்கள் மொத்தக் குடித்தனம்.

ஆறாவது மாதத்தில் ஒன்றைத் தேடிப் படித்தேன். என் தொழிற்படிப்புச் சான்றிதழ் அங்கே பாதிதான் செல்லும். மறுபடி இரண்டு வருடம் பயிற்சியாளராக உட்கார வேண்டும். அதை அவரிடம் சொல்லவில்லை. அன்றுதான் எனக்குப் புரிந்தது, அங்கே போவது என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவெடுக்கவே இல்லை. அவர் அங்கே இருந்தார், அதனால் நான் போகிறேன், அவ்வளவுதான். லிஃப்ட் இங்கேயும்தான் மேலே போய்க் கீழே வருகிறது. நீங்கள் வந்துவிடுங்கள் என்று ஒரு வரி. அதை எழுதினால் ஆபீசர் படிப்பார். வர விருப்பமில்லாத மனைவி என்று மனுவைத் தூக்கி எறிவார். போனில் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால், "உனக்காக ஜன்னல் பக்கம் மேசை போட்டிருக்கேன்" என்பார். நன்றி என்பேன். ஒன்பது மாதமாக அந்த வரி தொண்டையிலேயே நின்றது.

போன வாரம் ஸ்டேப்ளர் கூப்பிட்டனுப்பினார். நானும் அத்தையும் போனோம். மேசை மேல் எங்கள் பதினைந்து மாத உரையாடல், ஐந்து கட்டாக. பக்கத்தில் ஒற்றைத் தாளில் ஒரு கடிதம்.

"ஆபீஸ்லேர்ந்து விளக்கம் கேட்டிருக்காங்கம்மா. முப்பது நாள் டைம்."

"என்ன விளக்கம்?"

அவர் தலையைச் சொறிந்தார். "உங்க செய்தி எல்லாம் ஒரே மாதிரி இருக்காம். புருஷன் பொண்டாட்டி எழுதின மாதிரி இல்லையாம்."

அத்தை முதல் கட்டை எடுத்துப் புரட்டினார். நான் தடுப்பதற்குள் சத்தமாகப் படித்தும்விட்டார். "'உங்கள் பணி சிறக்க வாழ்த்துகிறேன்.' என்னடி இது? நான் கோர்ட்டுல அடிச்ச சம்மன்ல கூட இதைவிட பாசம் இருக்கும்."

"அத்தை!"

"இவனைப் பெத்தவ நான். ஒரு மணி நேரம் பேசினா நாலு தடவை எரிச்சல் வரும் எனக்கு. உனக்கு பதினஞ்சு மாசத்துல ஒரு தடவை கூட வரலையா?"

"அதான்மா நானும் கேக்கறேன்," என்றார் ஸ்டேப்ளர். "ஒரு சண்டை கூடவா இல்லை? எனக்கும் என் சம்சாரத்துக்கும் காய்கறி லிஸ்ட்லயே ரெண்டு சண்டை இருக்கும்."

"நீங்கதானே சார், ஆபீசர் படிப்பார்னு சொன்னீங்க?"

"படிப்பார்னு சொன்னேன். பரீட்சை எழுதுங்கன்னா சொன்னேன்?"

சொல்லவில்லைதான். அது நாங்களாகவே செய்துகொண்டது.

"இப்ப பொய்யா ஒரு சண்டையைக் கிளப்பி எழுதிடாதீங்க," என்று அவர் எச்சரித்தார். "அது வேற வம்பு. அவங்க கேட்டதுக்கு மட்டும் நிஜமா பதில் எழுதுங்க. ரெண்டு பேரும் தனித்தனியா, அவங்கவங்க வார்த்தையில."

அவர் விரல் வைத்த வரியைப் படித்தேன். எந்த நாட்டில் சேர்ந்து வாழ்வது என்ற முடிவுக்கு நீங்கள் இருவரும் எப்படி வந்தீர்கள்? வேறு வழிகளைப் பேசிப் பார்த்தீர்களா? விவரிக்கவும்.

முகம் தெரியாத ஓர் ஆள், என்னிடம் யாருமே கேட்காததைக் கேட்டுவிட்டார். ஸ்டேப்ளர் கடிதத்தின் நகலை, நான் பதில் எழுத வேண்டிய படிவத்தோடு சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தார்.

திரும்பும்போது பேருந்தில் அத்தை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். இறங்குவதற்கு இரண்டு நிறுத்தம் இருக்கும்போது சொன்னார்: "என்ன எழுதப் போறேன்னு உன்கிட்ட கேக்க மாட்டேன். நான் கேட்டா, என் பையன் திரும்பி வரணும்னு கேக்கற மாதிரி ஆயிடும்."

"வரணும்னு இல்லையா உங்களுக்கு?"

"இருக்கு. அதனாலதான் கேக்கல. நீ ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சுமக்காதே. உன்னோடது என்னன்னு மட்டும் பாரு."

ஐந்து நாள் எழுதிப் பார்த்தேன். 'நாங்கள் இருவரும் கலந்து பேசி' என்று தொடங்கி அடித்தேன். 'என் கணவரின் பணி காரணமாக' என்று தொடங்கி அதையும் அடித்தேன். வேலையில் மேல் வரிசைப் பல்லைக் கீழ் வரிசை அச்சில் பொருத்திவிட்டு, ஏன் கடிக்க மாட்டேன் என்கிறது என்று பத்து நிமிடம் விழித்தேன். டாக்டரம்மா வந்து இரண்டையும் மாற்றி வைத்துவிட்டுப் போனார்.

ஆறாம் நாள் மதியம், கூடத்தின் பின் படிக்கட்டில் நின்று போனை எடுத்தேன். உட்கார முடியவில்லை. அவர் வண்டிக்குள் இருந்தார். திரையில் முகம் பாதிதான் தெரிந்தது.

"நான் எழுதிட்டேன்," என்றார் உற்சாகமாக. "படிக்கிறேன், கேளு. 'எங்கள் இல்வாழ்வின் எதிர்காலத்தைக் கருத்தில் கொண்டு, நானும் என் அன்பு மனைவியும் ஒருமனதாக...'"

"யாருங்க ஒருமனதா?"

"என்னது?"

"ஒருமனதான்னு போட்டிருக்கீங்களே. என்னைக்கு, எங்க உக்காந்து பேசினோம்?"

அவர் தாளைக் கீழே இறக்கினார். "என்ன ஆச்சு உனக்கு? அம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"ஏன், நானா கோவப்பட மாட்டேனா? எனக்குக் கோவமே வராதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"இல்ல, நீ கோவப்பட்டு நான் பார்த்ததே இல்லையே..."

"அதைத்தான் அந்த ஆபீசரும் எழுதியிருக்காரு!"

மேல் படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கூடத்துப் பெண் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"என் பொறந்த நாளை மறந்தீங்க. புரியுதுன்னு எழுதினேன். புரியவே இல்ல. கையில தையல் போட்டப்போ வலி தெரியலன்னு எழுதினேன். ராத்திரியெல்லாம் அத்தை தோள்ல சாஞ்சு அழுதேன். லீவைச் சேர்த்து வெக்கறேன், சேர்த்து வெக்கறேன்னு சொல்றீங்களே, நடுவுல ஒரு பத்து நாள் வந்திருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?"

"அடுத்த மாசம் வந்துடும்னுதானே..."

"பதினஞ்சு அடுத்த மாசம் போயிடுச்சுங்க. எனக்கு அங்க மறுபடியும் ரெண்டு வருஷம் பயிற்சி. ஆறாவது மாசமே தெரியும். சொல்லல. நீங்க மேசையைப் பத்திப் பேசிட்டிருந்தீங்க."

மறுமுனையில் வண்டியின் இன்ஜின் சத்தம் நின்றது. அவரே அணைத்திருக்க வேண்டும். அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, எனக்கும் இன்னும் ஆறு நிமிடம்தான்.

"ரெண்டு வருஷமா?" என்றார்.

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. உனக்கு இங்க வர இஷ்டமான்னு ஒரு தடவை கூடக் கேக்கல. நானும் மறைச்சேன், அது என் தப்பு. ஆனா நீங்க கேக்கல."

அவர் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். எழுதிய தாளை மடித்துப் பக்கத்து இருக்கையில் போடுவது தெரிந்தது. திரும்ப வந்த குரலில் லீவ் லெட்டர் இல்லை.

"சரி, இப்ப கேக்கறேன். ஆபீசரை விடு. உனக்கு என்ன வேணும், சொல்லு."

படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். விரலெல்லாம் பிளாஸ்டர் தூள்.

"மனுவை வாபஸ் வாங்கிடுங்க," என்றேன். "நீங்க இங்க வந்துடுங்க."