சிவப்பு அம்பு

என் கணவர் கடைசியாகச் செய்த வேலை, நான்காவது புத்தகத்தை ரிஜெக்ட் செய்தது. பனியன் கம்பெனியில் முப்பது வருடம் செக்கிங் பார்த்தவர். ஓய்வுக்குப் பின் மட்பாண்ட வரலாற்றில் ஒரு நல்ல புத்தகம் தேடி, ஒவ்வொன்றாகத் தபாலில் வரவழைத்தார். தப்பு கண்ட இடமெல்லாம், துணியில் ஒட்டுவதுபோலச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிக் கடைக்கே திருப்பி அனுப்பிவிடுவார்.

“ஏனுங்க, இதுவும் தேறலீங்களா?” என்றேன்.

“பூராவும் ராசா கதை புள்ள. சட்டியவே காணோம். அடுத்தது வரட்டும்.”

மறுநாள் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

காரியம் முடிந்த வாரம் ஐந்தாவது புத்தகம் வந்தது. நானே உட்கார்ந்து செக்கிங் பார்த்தேன். ராஜாக்கள் குறைவு, சட்டிகள் ஏராளம். 212ஆம் பக்கத்தில் மட்டும் ஒரு பானைப் படம் தலைகீழாக இருந்தது. அம்பை ஒட்டினால் இதையும் திருப்பி அனுப்ப வேண்டும். ஒட்டவில்லை.

அந்தப் பானை இன்னும் தலைகீழாகத்தான் இருக்கிறது.