தேரிக்குப் போன சைக்கிள்

டெல்லியில் ராஜாவுக்கு முடிசூட்டு விழா நடந்த வருஷத்தில்தான் சாலோமிக்கு அந்த சைக்கிள் கிடைத்தது. பாளையங்கோட்டையில் அவளுக்குப் பிரசவ வேலை கற்றுக்கொடுத்த வெள்ளைக்காரம்மாள் கல்யாணம் நிச்சயமாகிச் சீமைக்குப் புறப்பட்டாள். கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களை வேண்டியவர்களுக்குக் கொடுத்தாள். மற்றவர்கள் பீங்கான் தட்டுகளையும் திரைச்சீலைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சாலோமி சைக்கிளைக் கேட்டாள்.

"இத வச்சிக்கிட்டு என்ன செய்யப்போற?" என்றார் அவள் புருஷன் கிருபைராஜ். அவர் உடன்குடி மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். வெள்ளை வேட்டியில் ஒரு சொட்டு மை பட்டால்கூட அன்றைக்கு முழுதும் முகம் வாடிப்போகிற மனுஷர்.

"ஓட்டப்போறேன்" என்றாள் சாலோமி.

சொன்னபடியே ஓட்டினாள். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் விழுந்து எழுந்து பழகினாள். நடுக்கம்பி தாழ்ந்த பெண்கள் சைக்கிள் என்றாலும் சேலை பின்சக்கரத்தில் மாட்டியது. மிஷனில் படித்திருந்த லேஸ் பின்னலை வைத்து, கெட்டி நூலில் ஒரு வலை பின்னிச் சக்கரத்தின் இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினாள். பிறகு மாட்டவில்லை. உடன்குடித் தெருக்களில் அவள் மணியடித்துக்கொண்டு போகும்போது ஆட்கள் வாசலுக்கு ஓடிவந்து பார்த்தார்கள். "ஊர்ல என்ன பேசுதாவ தெரியுமா?" என்று கிருபைராஜ் ஒருநாள் கேட்டார். "வலி எடுத்தா யாரைக் கூப்பிடுதாவளோ அவளப் பத்திதான் பேசுதாவ. பேசட்டும்" என்றாள் அவள்.

ஆனால் ஊரைத் தாண்டினால் தேரி. கண்ணுக்கெட்டின மட்டும் மேடும் பள்ளமுமாகச் செம்மணல். பனைகளையும் முள்ளடர்ந்த உடைமரங்களையும் தவிர வேறு நிழல் கிடையாது. அதற்குள்ளே பனையேறிகள் குடிசை போட்டிருந்த சிற்றூர்கள் சில இருந்தன. மாட்டு வண்டி அங்கே போகாது. நடந்து போனால் ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் மறு கால் புதையும்.

ஒரு பங்குனி மாதக் காலையில் தேரிக்குள்ளிருந்த வேலிவிளையிலிருந்து கொம்பையா ஓடிவந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். மரமேறி மரமேறி நெஞ்சும் முன்கையும் காய்த்துப்போன பனையேறி. அவன் மனைவி சந்தனமாரிக்குத் தலைப்பிரசவம்.

"நேத்து சாயங்காலமே நோவு கண்டுட்டும்மா. பிள்ளைக்க காலு வெளிய தெரியுதுன்னு பொம்பளையெல்லாம் சொல்லுதாவ. என்ன செய்யன்னு யாருக்கும் தெரியல."

சாலோமி பையை எடுத்து சைக்கிளின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் பறந்தாள். ரோடு முடிந்து தேரி தொடங்கிய இடத்தில் முன்சக்கரம் மணலுக்குள் கத்தி மாதிரி இறங்கியது. அவள் கைப்பிடிக்கு மேலாகப் போய் விழுந்தாள். எழுந்து ஏறினாள், மறுபடி விழுந்தாள். தள்ளிக்கொண்டு போனாள். உடைமுள் ஏறிப் பின்சக்கரத்தில் காற்று போனது. பின்னால் ஓடிவந்த கொம்பையா அவளை எட்டிப் பிடித்து, சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டான். கடைசியில் ஒரு பனையடியில் அதைப் போட்டுவிட்டு இருவரும் நடந்தார்கள். மணல் அதற்குள் சுட ஆரம்பித்திருந்தது.

குழந்தை கால்வழியாகப் பிறந்து, தலை சிக்கி, அவர்கள் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னால்தான் இறந்திருந்தது. ஆண் குழந்தை. உடம்பில் சூடு இன்னும் இருந்தது. சாலோமி தாய்க்குச் செய்யவேண்டியதைச் செய்தாள். ரத்தப்போக்கு நின்றது. சந்தனமாரி பிழைத்துக்கொண்டாள்.

கொம்பையா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சந்தனமாரிதான், வெயில் தாழ்ந்து சாலோமி புறப்படும்போது, தீனமான குரலில் கேட்டாள்: "அம்மா, அந்த வண்டிய விட்டுட்டு மொதல்லேருந்தே நடந்து வந்திருந்தா, வந்து சேந்திருப்பியளோ?"

அவள் குத்திக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சாலோமி பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பனையடியில் கிடந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், அதை முற்றத்துச் சுவரோரம் சாத்திவிட்டு, கை கழுவாமல் உட்கார்ந்திருந்தாள். கிருபைராஜ் நடந்ததைக் கேட்டுக்கொண்டார். "வித்துருவோம் சாலோமி. உனக்கும் மனசு ஆறும்" என்றார்.

அவள் தலையாட்டினாள். ஆனால் மறுநாள் அதைத் துடைத்து வைக்கலாம் என்று தொட்டபோது ஒன்று ஞாபகம் வந்தது. காற்று போன பிறகு தள்ளியபோது பின்சக்கரம் புதையவே இல்லை. முன்சக்கரம்தான் கெட்டியாக நின்றுகொண்டு மணலை அறுத்தது.

"ஏங்க, இங்கன வாங்க" என்று கூப்பிட்டாள். "காத்து கொறைஞ்சா டயர் பரந்து உக்காருது. ஒட்டகத்துக்குக் காலு அப்படித்தான இருக்கும்?"

"ஒட்டகத்த நீ எங்க பாத்த?"

"உங்க பள்ளிக்கூடத்துப் படத்துலதான்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு சைக்கிளை விற்கிற பேச்சு நின்றுபோயிற்று.

அதற்குப் பிறகு அந்த முற்றம் முற்றமாக இல்லை. சாயங்காலம் ஆனால் சைக்கிள் தலைகீழாக நிற்கும். சுற்றிலும் திருகுகள் தேங்காய்ச் சிரட்டைகளில் கிடக்கும். சாலோமி சாப்பாட்டுக் கரண்டிக் காம்பால் டயரை நெம்பிக் கழற்றினாள். டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி வருகிற இடமெல்லாம் ரப்பர்த் துண்டு ஒட்டினாள். முள் இனி உள்ளே போகக்கூடாது என்று டயருக்கும் டியூபுக்கும் நடுவில் தோல் வைக்க நினைத்தாள். வீட்டில் தோல் என்று இருந்தது கிருபைராஜ் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போகிற சப்பாத்து ஒன்றுதான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருப்பதை அவர் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழம என்னத்தப் போட?"

"சீஷர்கள் வெறுங்காலோடதான நடந்தாவ."

கத்தரிக்கோலை அவரே எடுத்துக் கொடுத்தார். தோல் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் போதுமானதாக இருந்தது. முன்சக்கரத்துக்குக் கித்தானை இரட்டையாக மடித்துத் தைத்து வைத்தாள்.

சங்கிலிக்கு அதுவரை விளக்கெண்ணெய் விட்டுவந்தாள். எண்ணெய் மணலைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டது. பெடல் சுற்றும்போது பல் கடிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கிப் பூசினாள். மணல் ஒட்டுவது குறைந்தது.

பாரமும் ஒரு பிரச்சனையாக இருந்தது. கைப்பிடியில் பை தொங்கியதால்தான் முன்சக்கரம் அப்படி இறங்கியது. அதனால் மூடியுள்ள இரண்டு ஓலைப்பெட்டிகளைப் பின்சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகக் கட்டினாள். ஒன்றில் வேகவைத்த துணிகளும் கத்தரியும் மருந்தும். மற்றதில் காற்றடிக்கிற பம்பும் ஒட்டுச் சாமான்களும் தண்ணீர்க் குடுக்கையும். எந்தப் பக்கமும் இழுக்காதபடி கையில் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பங்குவைத்தாள்.

ஆனால் டயரைப் பரப்புகிற வித்தைதான் வசப்படவில்லை. காற்றைக் குறைத்தால் டயர் சக்கர வளையத்தின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடியது. டயர் நகராமலிருக்கத் தேங்காய்த் தும்புக் கயிற்றைச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிக் கட்டிப் பார்த்தாள். கயிறு தடிமன், சக்கரம் தன்னைத் தாங்கும் கம்பிக் கவைக்குள் சுற்றாமல் இறுகிக்கொண்டது. இரண்டு மட்கார்டையும் கழற்றினாள். முன்பிரேக்கையும் கழற்றினாள், பெடலைப் பின்னால் மிதித்தால் பின்சக்கரம் நிற்கிற வகை என்பதால் அது இல்லாமல் சமாளிக்கலாம். அப்படியும் கயிறு உரசி அறுந்தது.

ஒருநாள் கொம்பையா கருப்பட்டிச் சிப்பத்தோடு உடன்குடிச் சந்தைக்கு வந்தவன், சாலோமிக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டுப் போக வீட்டுக்கு வந்தான். தலைகீழாக நின்ற சைக்கிளைப் பார்த்து நின்றான்.

"இது என்னத்துக்கும்மா?"

"உங்க ஊருக்கு வரத்தான்."

அவன் சக்கரத்துக்கும் கவைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தான். அடுத்த வாரம் பனைநாரைத் தட்டையாகப் பின்னி, பட்டை பட்டையாகக் கொண்டுவந்து போட்டான். தட்டையாக இருந்ததால் கவைக்குள் உரசவில்லை. இருவரும் நாரை நனைத்து, சக்கரத்தைச் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டினார்கள். பார்க்க நன்றாக இருந்தது. காய்ந்ததும் தளர்ந்து, தேரியில் கால்பங்கு தூரம் போவதற்குள் ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு விழுந்தது. கொம்பையா தன் பின்னலைத் திட்டிக்கொண்டான். சாலோமி, தொப்புள்கொடியைக் கட்டுகிற மாதிரி இரட்டைச் சுற்று முடிச்சுப் போட்டுப் பார்த்தாள். முடிச்சு அவிழவில்லை, ஆனால் பட்டை நகர்ந்து ஒரே இடத்தில் குவிந்தது.

வழி தெரிந்தது கிருபைராஜின் கையால்தான். "டயர் இப்படித் தொளதொளன்னு கெடந்தா எப்படி?" என்று ஒருநாள் பம்பை எடுத்து அவர் பாட்டுக்குக் காற்றடித்தார். டயர் உப்ப உப்ப, தளர்ந்து கிடந்த பட்டைகள் விண்ணென்று இறுகிக்கொண்டன.

"நிறுத்துங்க! போதும், போதும்!" சாலோமி பட்டையைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. டயரை விரலால் அமுக்கினாள். இன்னும் மெத்தென்றுதான் இருந்தது.

காற்றில்லாத டயரில் கட்டவேண்டும். பிறகு பட்டை இறுகுகிற அளவுக்கு மட்டும் காற்றடிக்கவேண்டும். அவ்வளவுதான் சங்கதி. அதைக் கண்டுபிடிக்க ஆடி முடிந்து ஆவணியும் வந்துவிட்டது.

தேரியில் ஓட்டுவது ரோட்டில் ஓட்டுவது போல இல்லை. கைப்பிடியை வெடுக்கென்று திருப்பினால் விழவேண்டியதுதான். மிதிப்பதை நிறுத்தினாலும் விழவேண்டியதுதான். இரவுப் பனியில் இறுகின மணல் விடியற்காலையில் நன்றாகத் தாங்கியது. புல் படர்ந்த ஓரங்கள் எந்நேரமும் தாங்கின. ஏற்ற முடியாத மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டாள். ஆனாலும் நடந்து போகிறவனுக்கு இரண்டு மடங்கு வேகத்தில் போக முடிந்தது. வேலிவிளைக்கு அவள் முதல்தடவை சைக்கிளில் போய் இறங்கியபோது பெண்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து, மணலில் விழுந்திருந்த அகலமான தடத்தைக் குனிந்து தொட்டுப் பார்த்தார்கள்.

சந்தனமாரி மறுபடி உண்டாகியிருந்தாள். சாலோமி மாதாமாதம் போய்ப் பார்த்தாள். ஏழாம் மாதத்தில் வயிற்றைத் தடவிப் பார்த்தவள் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையும் தலை மேலாகத்தான் இருந்தது.

சந்தனமாரி அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள். "போன தடவ மாதிரியாம்மா?"

"இருப்பு அதே மாதிரிதான். ஆனா இப்ப நமக்கு முன்னாலயே தெரியும். ஒம்பது மாசம் ஆனதும் உன்னைய எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். அதுக்கு முன்னால லேசா வலிச்சாலும் கொம்பையா ஓடி வரணும்."

ஒன்பது மாதம் ஆகவில்லை. எட்டு முடிந்த வாரத்தில், வெயில் ஏறுகிற நேரத்தில், கொம்பையா வந்து நின்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது. சாலோமி சைக்கிளை வெளியே எடுத்தாள்.

"நீங்க முன்னால போங்கம்மா" என்று மட்டும் சொன்னான்.

அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது. தேரி மணல் புகை மாதிரி எழும்பிப் பழைய தடங்களையெல்லாம் மூடியிருந்தது. சாலோமி முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு, பனைகளை அடையாளம் பார்த்து ஓட்டினாள். பாதி வழியில் பின்சக்கரம் தட்டத் தொடங்கியது. ஒரு பட்டை அறுந்து வால் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது, அடுத்ததும் தளர்ந்திருந்தது. போட்டுவிட்டு நடக்கலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள்.

பிறகு உட்கார்ந்தாள். காற்றைத் திறந்துவிட்டாள். பெட்டியிலிருந்த வேறு பட்டையை எடுத்துச் சுற்றி இரட்டை முடிச்சுப் போட்டாள். பம்பை மாட்டி அடித்தாள். பட்டை இறுகியது. ஏறி மிதித்தாள்.

குடிசைக்குள் சந்தனமாரி கூரைக்கம்பிலிருந்து தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கால்கள் அப்போதுதான் தெரியத் தொடங்கியிருந்தன.

"வந்துட்டியளா?" என்றாள்.

"வந்துட்டேன். நான் சொல்லுத வரைக்கும் முக்காத. பைய. மூச்ச மட்டும் விடு."

சுற்றி நின்ற பெண்கள் பிள்ளையைப் பிடித்து இழுக்கச் சொன்னார்கள். சாலோமி இழுக்கவில்லை. முதுகு வரும்வரை காத்திருந்தாள். தோள்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். பிடரி தெரிந்த பிறகு உடம்பை ஏந்தி மெல்ல மேலே தூக்கினாள். "இப்ப" என்றாள். சந்தனமாரி தன் பலமெல்லாம் சேர்த்து முக்கினாள். தலை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

குழந்தை நீலமாக இருந்தது. அழவில்லை. ஒரு கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாலோமி வாயைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள், தன் வாயைக் குழந்தையின் முகத்தில் வைத்துச் சின்னச் சின்னதாக ஊதினாள். மறுபடி ஊதினாள். குழந்தை விக்கியது. கால்களை உதைத்தது. பிறகு, இவ்வளவு நேரம் காக்கவைத்ததற்குக் கோபித்துக்கொண்ட மாதிரி, வீறிட்டு அழுதது.

சைக்கிள் தடத்தின் மேலேயே ஓடிவந்த கொம்பையா அந்த அழுகையைக் கடைசி மேட்டில் ஏறும்போது கேட்டான். கேட்ட இடத்திலேயே மணலில் உட்கார்ந்துவிட்டான். ஒரு பெண் ஓடிவந்து, "எழும்புலே, பொம்பளப் பிள்ள! ரெண்டு பேரும் சொகமா இருக்காவ" என்று சொன்ன பிறகுதான் எழுந்தான்.

சாயங்காலம் காற்று அடங்கியது. சாலோமி வாசலில் கையைக் கழுவிக்கொண்டு, யாரோ கொடுத்த சூடான கருப்பட்டித் தண்ணீரைக் குடித்தாள். கொம்பையா சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"அம்மா, ஒரு தடவ ஏறிப் பாக்கட்டா? அடுத்து யாருக்கும் நோவு எடுத்தா நான் இதுல வந்து கூப்பிடலாம்லா."

"இது எங்கிட்ட இருக்கும்போது நீ எப்படி இதுல வருவ?"

அவன் அதை யோசித்திருக்கவில்லை. ஆனாலும் ஏறினான். எத்தனையோ பனைகளில் பயமில்லாமல் ஏறி இறங்குகிறவன், இரண்டு மிதி மிதிப்பதற்குள் பக்கவாட்டில் சரிந்து செம்மணலில் உருண்டான். பெண்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். சாலோமிக்கும் கண்ணில் தண்ணீர் வருகிற மட்டும் சிரிப்பு வந்தது.

உள்ளேயிருந்து சந்தனமாரி, "அங்கன என்ன சத்தம்?" என்று கேட்டாள்.

"உன் வீட்டுக்காரன் சைக்கிள் விடுதான்."

"என்னையக் கொஞ்சம் சாச்சி உக்கார வைங்கம்மா. நானும் பாக்கணும்."

சாலோமி உள்ளே போய், குழந்தையோடு சேர்த்து அவளைத் தூக்கி வாசல் தெரிகிற மாதிரிச் சாய்த்து உட்காரவைத்தாள். வெளியே கொம்பையா மேலெல்லாம் மண்ணோடு சைக்கிளை நிமிர்த்தி, பெடலில் மறுபடியும் காலை வைத்தான்.