தாரிகா அழித்த பதினான்கு வரிகள்

1

ஒப்புக்கொண்டு விடுகிறேன்: இந்தக் கதை எனக்கு விழுந்த ஓர் ஏச்சிலிருந்து பிறந்தது. முதல் வரைவு பதினொரு பக்கம். வாசித்த நண்பன் நாகலிங்கம், "இவ்வளவையும் ஆர் மச்சான் வாசிக்கிறது? கதை மாறாமல் சுருக்கு" என்றான். நானோ மென்பொருள்காரன். செய்யும் வேலை மாறாமல் நிரலைச் சுருக்குவதுதான் என் பிழைப்பு. எனக்கே பாடமா என்று ரோஷம் வந்துவிட்டது.

2

சாவகச்சேரியில் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தாரிகா தன் நீண்ட

(வெயில் இந்தக் கதையில் ஒரு வேலையும் செய்யவில்லை. வெட்டு.)

தாரிகாவுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு கிழமை இருந்தது. ஒரு கடைக்கு மேல்மாடியில் இயங்கும் சின்ன நிறுவனம். கல்யாண வீடுகளுக்கு நாதஸ்வர, தவில் கலைஞர்களை முன்பதிவு செய்யும் செயலியின் பழைய நிரலை, மனிதர் வாசிக்கக்கூடியதாக மாற்றச் சொன்னார்கள். வெளியே ஒன்றும் மாறக் கூடாது. மாறினால் வேலை இல்லை.

நன்றாகவே செய்தாள். மூன்று இடத்தில் கிடந்த ஒரே கணக்கை ஒன்றாக்கினாள். 'அ', 'அ2', 'புதுஅ' என்று பெயர் வைத்துவிட்டுப் போனவனை வாய்க்குள் திட்டிக்கொண்டே ஒழுங்கான பெயர்கள் வைத்தாள். பிறகு அந்தப் பதினான்கு வரிகள் வந்தன. ஏழாம் இலக்கக் கலைஞர் இருக்கும் இடத்துக்குப் பத்தொன்பதாம் இலக்கத்தை அனுப்பாதே என்றன. காரணம் இல்லை, எழுதியவன் பெயரும் இல்லை. யாரோ சோதித்துப் பார்த்துவிட்டு மறந்துபோனது என்று நினைத்து அழித்தாள். நிரலைச் சரிபார்க்கும் சோதனைகள் எல்லாம் பிழையில்லை என்று பச்சை காட்டின. மேலாளர் கிருஷாந்தும் பார்த்துத் தலையாட்டினான்.

3

ஏழு, பரமலிங்கம்: நாதஸ்வரம். பத்தொன்பது, சோமசேகரம்: தவில். அளவெட்டியில் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்பது வருசமாகப் பேச்சில்லை. காரணம் ஒரு வேலி.*

* வேலி பற்றி நாலு பக்கம் இருந்தது. ஒருவர் வேலிக் கம்பான கதியாலை மற்றவர் காணிக்குள் ஒன்றரை அடி தள்ளி நட்டார் என்றால் போதும், யாழ்ப்பாணத்தாருக்கு மிச்சம் தெரியும்.

அடுத்த முகூர்த்தத்தில் செயலி இருவரையும் பண்டத்தரிப்பில் ஒரே மேடையில் இருத்தியது. ஐயர் கையை உயர்த்திக் கெட்டிமேளம் என்றார். தவில் தொடங்கட்டும் என்று நாதஸ்வரம் இருந்தது, நாதஸ்வரம் தொடங்கட்டும் என்று தவில் இருந்தது. இருவரும் பந்தல் கூரையைப் பார்த்தார்கள். மாப்பிள்ளை தாலியோடு குனிந்தபடியே நின்றார்.

பெண்ணின் தாய் உதயகலா எடுத்த அழைப்பு தாரிகாவிடம் வந்தது.

"பிள்ளை, நீங்கள் அனுப்பின ரெண்டு பேரும் வாசிக்கமாட்டினமாம். முகூர்த்தம் முடிய இன்னும் பன்ரெண்டு நிமிசம்தான் கிடக்கு."

4

முடிவுகள் கைவசம் உண்டு. (அ) ஒருவரை ஒருவர் மிஞ்ச வாசித்து ஊரே மெய்மறக்கிறது. சினிமாத்தனம். (ஆ) மேளமில்லாமல் தாலி ஏறுகிறது. (இ) அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து அழு— இல்லை. ஒன்றரை அடி, ஐயா.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் என் களவு எனக்கே தெரிந்தது. சுருக்குகிறேன் என்று சொல்லி ஒரு பாத்திரத்தை முழுதாக அழித்திருக்கிறேன்: பதினான்கு வரிகளை எழுதிய செல்வரட்ணம். தேவையில்லாத ஆள் என்று நினைத்தேன். அவனை எடுத்ததும் பிழை முழுவதும் தாரிகாவின் தலையில் விழுந்துவிட்டது. கதை மாறிப்போயிற்று.

செல்வரட்ணம் நான்தான். அவள் வாய்க்குள் திட்டியபோது அடுத்த மேசையில் கணினிக்குள் தலையை விட்டிருந்தவனும் நான்தான். ஒரு குடும்பச் சண்டையை நிரலில் எழுதி வைப்பது மரியாதையில்லை என்று அன்று காரணத்தை விட்டுவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை கிருஷாந் அவளுடைய வேலை நிரந்தரமாகுமா என்பதை முடிவு செய்கிறான்.

பண்டத்தரிப்பில் மேளம் முழங்கியதா என்பதை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும் எனக்குச் சம்மதம். அழிந்த பதினான்கையும் திரும்பப் போட்டு, அவற்றுக்கு மேலே ஒரு குறிப்பு எழுதி, கிருஷாந்துக்கு அனுப்பிவிட்டேன். இந்தக் கதையில் சுருக்கக் கூடாத இடம் அது ஒன்றுதான்:

"ஏழும் பத்தொன்பதும் அண்ணன் தம்பி. ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கிறேல்லை. அழிக்க முதல் என்னட்டைக் கேளுங்கோ. இதை எழுதாமல் விட்டது என்ரை பிழை, தாரிகாவின்ரை இல்லை. செல்வரட்ணம்."