சிவப்பு பனியன் ஓட்டம்

ஐந்து கிலோமீட்டர் ஓடப்போகிறேன் என்று நான் அறிவித்தபோது வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது. என் மனைவி வினிதா காய் நறுக்குவதைக்கூட நிறுத்தாமல், "ஏனுங்க, மாடிப்படி ஏறுனாலே பாதியில உக்காந்துக்கறீங்க. ஆம்புலன்சுக்கு இப்பவே சொல்லி வெச்சரலாங்களா?" என்று அக்கறையோடு கேட்டாள்.

பொங்கலூர் பக்கம் ஒரு இல்லம் இருக்கிறது. இனி குணமாகாது என்று பெரிய ஆஸ்பத்திரிகள் அனுப்பிவிட்டவர்களை, வலி தெரியாமல் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். காசு வாங்குவதில்லை. அதற்கு நிதி திரட்டத்தான் இந்த ஓட்டம். சமூக அக்கறையால் பெயர் கொடுத்தேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் லிங்கசாமிக்காகத்தான் கொடுத்தேன்.

லிங்கசாமி என் கூட்டாளி. வீரபாண்டியில் எங்கள் பனியன் கம்பெனியை இருவரும் சேர்ந்து ஆரம்பித்தோம். பேச்சு என்னுடையது, வேலை அவனுடையது. சாயப்பட்டறையிலிருந்து துணி வந்து இறங்கினால், ஓரத்தை நனைத்துத் தன் வெள்ளை வேட்டியில் தேய்த்துப் பார்ப்பான். கறை ஒட்டினால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுவான். அவன் வேட்டி முனை வெள்ளையாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

இப்போது அவன் அந்த இல்லத்தில் இருந்தான். வயிற்றில் புற்றுநோய். ஒரு வாரமாகச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். பெண்டாட்டியிடமும் பேச்சில்லை, என்னிடமும் பேச்சில்லை. நர்ஸ் சித்ரகலா, "வலி இப்ப இல்லீங்க. மனசத்தான் விட்டுட்டாருங்க" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அவன் காதருகே குனிந்து, "ஏப்பா, ஞாயித்துக்கெழம நா ஓடறன். இங்க கேட்டுலதான் முடியுது. நீ வெளிய வந்து பாக்கோணும்" என்றேன். முதுகு அசையவில்லை. எப்படியாவது அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது எனக்கு.

சும்மா ஓடினால் போதாதென்று, ஓடுகிற எல்லோருக்கும் பனியன் எங்கள் கம்பெனி செலவு என்று ஏற்பாட்டுக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன். நல்ல ரத்தச் சிவப்பு. துணி வந்த அன்றே வெட்டித் தைத்து, இல்லத்தின் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கம்பெனி பெயரை அச்சடித்தேன். கொஞ்சம் என்றால், நன்றாகவே பெரிது.

ஞாயிறு காலை ஓட்டம் தொடங்கியது. முதல் திருப்பம் வரை ஓடினேன். அங்கே போட்டோக்காரர் நின்றார். அவரைத் தாண்டியதும் நடக்க ஆரம்பித்தேன். குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடிய ஒரு பெண் என்னைத் தாண்டிப் போனாள். குழந்தை மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

வெயில் ஏறியது, வேர்வை ஊற்றியது. பின்னால் வந்த ஆம்புலன்ஸ் திடீரென்று என் பக்கத்தில் நின்றது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு குதித்தார்கள்.

"அசையாம படுங்கண்ணா. கையெல்லாம் ரத்தமுங்க."

குனிந்து பார்த்தேன். கை, தொடை, வெள்ளைக் கால்சட்டை எல்லாம் சிவப்பு.

"ரத்தமில்லீங்க, சாயம்."

"எந்தக் கம்பெனிக்காரனுங்க இப்படித் துணி போட்டது?"

நெஞ்சின் குறுக்கே பெரிதாக எழுதியிருந்த பெயரைக் கைகளால் மறைத்துக்கொண்டு மேலே நடந்தேன். சாயம் ஏற்றிய துணியைச் சோப்புத் தண்ணீரில் சரியாக அலசாமல் பட்டறைக்காரர்கள் அனுப்பிவிட்டார்கள். நனைத்துத் தேய்த்துப் பார்த்திருந்தால் நொடியில் தெரிந்திருக்கும். எனக்கு அது தோன்றவே இல்லை. அதை எப்போதும் லிங்கசாமிதானே செய்வான்.

கடைசி ஆளாகக் கேட்டை அடைந்தேன். முன்பே வந்து சேர்ந்தவர்கள் கழுத்தும் கையும் சிவந்து குழாயடியில் நின்றார்கள். கைதட்ட யாருக்கும் மனமில்லை. கேட்டின் உள்ளே, வேப்பமர நிழலில், சக்கர நாற்காலியில் லிங்கசாமி உட்கார்ந்திருந்தான். எலும்பும் தோலுமாக, மடியில் வெள்ளைப் போர்வை.

சித்ரகலா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "பனியன் சாயம் போகுதுன்னு வார்டுல பேசிக்கிட்டோமுங்க. சட்டுனு திரும்பி, நாற்காலி கொண்டாங்கன்னுட்டாருங்க" என்றார்.

நான் அவன் முன்னால் போய் நின்றேன். அவன் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். தோள் குலுங்கியது. சத்தமில்லாத சிரிப்பு, இருமலில் போய் முடிந்தது. பிறகு கையை நீட்டி, வேர்வையில் நனைந்திருந்த என் பனியன் ஓரத்தை இழுத்துத் தன் மடியில் கிடந்த வெள்ளைப் போர்வையில் தேய்த்தான். சிவப்பாகக் கறை ஒட்டியது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அலசவே இல்லியேப்பா" என்றான். இத்தனை நாளுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. "அடுத்த லாட்டுத் துணி வந்தா இங்க கொண்டா. நா பாத்துச் சொல்றன்."

எங்கள் கம்பெனியில் பேச்சு என் பொறுப்பு என்பதால், எப்படியோ பேசினேன்.

"நீ பாத்தாத்தான்பா துணி வெளிய போகும்."