அம்மன் ஏறிய காரின் ரேடியேட்டர்

அன்று குருவிநத்தத்தில், எங்கள் வீட்டு நெற்களத்தில் இருந்தவர்கள் இவர்கள்: தங்கவேல் ஆகிய நான், என் மனைவி தையலம்மாள், என் தம்பி வீரமணி, பங்காளி அரிகரன், கோயில் நிர்வாகத்தில் மூத்தவரான புகழேந்தி, கிருமாம்பாக்கத்திலிருந்து வரவழைத்த மெக்கானிக் செந்தில்நாதன். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே நின்று பார்த்ததாகச் சொல்பவர்கள் இப்போது ஊரில் பெருகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட எங்கள் களத்தை அன்று மிதிக்கவில்லை.

நடுவில் நின்றது எங்கள் வெள்ளைக் கார். பழைய டீசல் வண்டி. ஏசி கிடையாது. தை மாதம் ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு எங்கள் ஊர் அம்மன் தென்பெண்ணைக்குப் போவது எங்கள் வீட்டு வண்டியில்தான். தாத்தா காலத்தில் அது மாட்டுவண்டி. அப்பா காலத்திலிருந்து கார். கூரைமேல் பலகை கட்டி அம்மனை இருத்துவோம். முகப்பில் வாழைத்தண்டும் பூவுமாக ஒரு வளைவு நிற்கும். அந்த அலங்காரத்தில் எங்கள் வீட்டுக் கை தவிர வேறு கை படக்கூடாது. படவில்லை என்று கோயில் வாசலில் கற்பூரத்தைத் தொட்டு நான் சொன்ன பிறகுதான் மேளம் ஒலிக்கும்.

இந்த வருடமும் சொன்னேன். மேளம் ஒலித்தது. வண்டி மனித நடை வேகத்தில் ஊர்ந்தது. ஆற்றங்கரை மேட்டில் ஏறும்போது சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பானெட்டிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. முன்னால் நின்ற பெண்கள் சாம்பிராணி என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஓட்டி வந்த வீரமணி இறங்கிப்போய், கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியை வெறும் கையால் திருகினான். முழங்கை வரை வெந்துபோயிற்று.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. புகழேந்தி அம்மனை இறக்கச் சொன்னார். பின்னாலேயே அரிகரனின் டிராக்டர் நின்றது. டிரெய்லர் கழுவித் துடைத்திருந்தது. முகப்பில் மாலை இருந்தது. டிரெய்லரில், அம்மன் உட்கார அளவெடுத்த மாதிரி ஒரு பலகையும் இருந்தது.

அம்மன் அதில் ஏறி ஆற்றுக்குப் போனாள். பொழுது சாய்வதற்குள் ஊரில் பேச்சு மாறிவிட்டது. தங்கவேல் வீட்டு வண்டி பிடிக்காமல் அம்மனே இறங்கி அரிகரன் வண்டியில் ஏறிக்கொண்டாளாம். அந்த வீட்டில் ஏதோ குற்றம் இருக்கிறதாம். அடுத்த தைக்கு அம்மன் யார் வண்டியில் போவது என்று முடிவுசெய்ய நிர்வாகம் கூடப் போகிறது என்று புகழேந்தி ஆள் அனுப்பினார். மூன்று தலைமுறையில் எங்கள் வீட்டைப் பார்த்து யாரும் கேட்காத கேள்வி அது.

அந்தப் பலகையை நான் மறக்கவில்லை. திருவிழாவுக்கு டிராக்டரில் வருகிறவன் பலகை எதற்குக் கொண்டுவருகிறான்?

திருவிழா முடிந்ததும் காரைக் கொட்டகையில் விட்டுப் பூட்டினேன். சாவி என் இடுப்பில் இருந்தது. வீரமணி எஞ்சின் சூட்டைத் தணிக்கும் பச்சை நிறக் கூலன்ட் வாங்கிவந்து நிரப்பினான். கிருமாம்பாக்கம் வரை ஓட்டிவிட்டு வந்தான். முள் மறுபடி ஏறியிருந்தது. வண்டி ஆறியபின் திறந்து பார்த்தால் பாதி கூலன்டைக் காணோம். கொட்டகைத் தரையில் சாணிச் சாம்பலைத் தூவி, அதன்மேல் காரை நிறுத்தச் சொன்னேன். சொட்டு விழுந்தால் சாம்பல் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை. ஒழுகாமல் குறைகிறது என்றால் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள். கொட்டகைப் பக்கம் யார் போனாலும் கவனித்தேன். பால் கறக்க வருகிறவனைக் கவனித்தேன். இரண்டொரு நாள் வீரமணியையே கவனித்தேன்.

"அரிகரன் ஆளு மேட்டுல கூட்டத்தோட கூட்டமா வந்து இன்னாவோ பண்ணியிருக்கான்," என்று தையலம்மாளிடம் சொன்னேன்.

"அவன் கை பட்டிருந்தா, நீங்க கற்பூரத்த தொட்டுச் சொன்னது இன்னாத்துக்கு ஆச்சு?" என்றாள்.

"நான் சொன்னது பொறப்படறப்போ. வழியில நடந்ததுக்கு நான் ஜவாப்தாரி இல்ல."

"வழியில வண்டியச் சுத்தி நம்ம வூட்டு ஆளுங்கதான நின்னாங்க," என்றாள்.

செய்தவனை எல்லார் முன்னாலும் காட்டிவிட வேண்டும் என்று முடிவுசெய்தேன். அதனால்தான் புகழேந்தியைக் கூப்பிட்டேன். அரிகரனையும் கூப்பிட்டேன். அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். முதல் ஆளாக வந்து நின்றான்.

செந்தில்நாதன் பேச்சுக்காரன். வண்டியைத் தொடுவதற்கு முன்பே, கடலூர் ரோட்டில் நின்றுபோன வண்டிகளில் எத்தனைக்கு உயிர் கொடுத்தேன் தெரியுமா என்று பாதிக் கதை சொல்லி முடித்தான். பிறகு மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"எஞ்சின் குடிக்குது பெரியவரே. கேஸ்கட் போயிருக்கு. உள்ளுக்குள்ளயே தண்ணி இறங்கி எரிஞ்சிடுது. அதான் கீழ சொட்டல."

"புதுச்சேரி வண்டியாச்சே, குடிக்காம இருக்குமா?" என்றான் அரிகரன்.

புகழேந்தி சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"கேஸ்கட் தானா போகுமா, யாராச்சும் போக வைப்பாங்களா?" என்று கேட்டேன்.

"சூடானா தானா போகும்."

"சூடு எதனால ஆச்சு?"

செந்தில்நாதன் மறுபடி எஞ்சின்மேல் குனிந்தான். எண்ணெய் பார்க்கும் குச்சியை உருவி விரலில் தேய்த்தான். எண்ணெய் கருப்பாக, சுத்தமாக இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்குமாம். ரேடியேட்டரில் தண்ணீர் நிரப்பி, மூடி போடாமல் வண்டியைக் கிளப்பினான். கேஸ்கட் போயிருந்தால் குமிழி குமிழியாகக் கொப்பளிக்க வேண்டும் என்றான். கொப்பளிக்கவில்லை. பின்னால் போய்ப் புகையை முகர்ந்தான். வெள்ளைப் புகையும் இல்லை.

"கேஸ்கட் நல்லாருக்கு," என்றான், வேறு எவனோ அதைக் குறை சொன்ன மாதிரி.

"பூதான் காரணம்னு அன்னிக்கே சொன்னேன்," என்றார் புகழேந்தி. "காத்துப் போக வழியில்லாம மூஞ்சி பூரா பூவக் கட்டி, நட போட்டு ஓட்டினா எந்த வண்டி தாங்கும்?"

"பூவ அன்னிக்கே எடுத்தாச்சு," என்றேன். "அதுக்கப்புறமும் தண்ணி காணாமப் போவுதே. அத யார் எடுக்கறா?"

சொல்லும்போது அரிகரனைப் பார்த்துத்தான் சொன்னேன். அவன் பார்வையை விலக்கவில்லை.

"நேரா கேளுண்ணா. என்னத்தான கேக்கற?"

"பலகை எதுக்குக் கொண்டாந்த?"

"பசங்க உக்கார. டிரெய்லர் தகரம் வெயில்ல கொதிக்குது."

"மாலை?"

"டிராக்டரும் சாமிகூடத்தான வருது. மூளியாவா வரும்?"

தையலம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அரிகரனுக்கு முதல் டம்ளர் போயிற்று. அதையும் நான் கவனித்தேன்.

வண்டி ஆறட்டும் என்று காத்திருந்தோம். செந்தில்நாதன் தன் பெட்டியிலிருந்து ஒரு கைப்பம்பை எடுத்தான். அதன் குழாய் முனையில் ரேடியேட்டர் மூடி மாதிரி ஒரு மூடி, நடுவில் அழுத்தம் காட்டும் முள். எஞ்சின் ஓடாமலே உள்ளே அழுத்தம் ஏற்றலாம். எங்கேயாவது ஓட்டை இருந்தால் ஏறிய முள் இறங்கும். ஓடும்போது சூட்டில் ஆவியாகிவிடுகிற கசிவு இப்போது தண்ணீராகவே வெளியே வந்து நிற்கும். இதைச் சொன்னபோது மட்டும் அவன் பேச்சில் அலட்டல் இல்லை.

அடித்தான். முள் ஏறியது. கொஞ்சம் நின்றது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது.

எல்லோரும் குனிந்தோம். ரப்பர் குழாய்களில் ஈரம் இல்லை. எஞ்சினின் தண்ணீர்ப் பம்பிலும் இல்லை. செந்தில்நாதன் முகப்புக் கிரில்லைக் கழற்றி டார்ச் அடித்தான். ரேடியேட்டரின் நடுவில், தகட்டு இடுக்கிலிருந்து, தலைமுடி கனத்தில் ஒரு நீர்க்கோடு பீச்சிக்கொண்டிருந்தது.

"ஆம்ட்டுகிச்சு, ஓட்ட இங்கதான்," என்றான். "வண்டி ஓடறப்போ ஃபேன் காத்துல இது எஞ்சின்மேல போய் ஆவியாயிடும். தரைக்கு வராது. உங்க சாம்பல் இன்னா பண்ணும் பாவம்?"

குறட்டால் பிடித்து இழுத்தான். ரேடியேட்டர் குழலைத் துளைத்துக்கொண்டு செருகியிருந்த ஒரு துண்டுக் கம்பி வந்தது. சுண்டுவிரல் நீளம். துருவும் சேறும் பிடித்திருந்தது. அதைத் தூக்கிக் காட்டினான்.

"இது கல்லு பட்டு ஆனதில்ல. கம்பி. வெளியிலேருந்து உள்ள போயிருக்கு. ஒரு கை செருகினாத்தான் போகும்."

புகழேந்தி தொண்டையைச் செருமினார்.

"அப்ப சரி," என்றார். "யாரோ செஞ்ச வேலைன்னு ஆயிட்டா, அம்மன் மேலயும் பேச்சில்ல, உங்க வூட்டு மேலயும் குத்தமில்ல. வண்டி உரிமை உங்களுக்கே. செஞ்சவன நிர்வாகம் கேட்டுக்கும்." அரிகரனின் பக்கம் அவர் திரும்பவில்லை. திரும்ப வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அரிகரன் கையில் மோர் டம்ளர் அப்படியே நின்றது. "நான் கிட்டயே வரலண்ணா," என்றான். அந்த ஒரு வாக்கியம்தான். அவன் வாயை நான் நாற்பது வருடமாக அறிவேன். அவ்வளவு குறைவாக அவன் பேசிக் கேட்டதில்லை.

நான் நினைத்தது நடந்துவிட்டது. நான் வாய் திறக்காமல் இருந்தால் போதும்.

"அதக் குடு," என்று செந்தில்நாதனிடம் கம்பியைக் கேட்டு வாங்கினேன். வேட்டி நுனியால் துடைத்தேன். சேறு போனது. முறுக்கின் இடுக்கில் நூல் இருந்தது. வெளியே பழுப்பாகவும், நகத்தால் நெம்பியபோது உள்ளே மஞ்சளாகவும்.

அம்மன் அலங்காரத்தில் வெறும் இரும்பு படக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கட்டுக்கம்பி முழுக்க மஞ்சள் நூலைச் சுற்றித்தான் வளைவைக் கட்டுவோம். ஊரில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை. நூலைச் சுற்றுகிறவள் தையலம்மாள். அவள் என் பக்கத்தில் வந்து கம்பியைப் பார்த்தாள். பிறகு வீரமணியைப் பார்த்தாள்.

வீரமணி தன் வெந்த கையைத் தடவிக்கொண்டே பேசினான். "வளைவு ஆடுதுன்னு கிரில்லுக்குள்ள விட்டு முறுக்கினேன்ணா. நீதான் இறுக்கிக் கட்டச் சொன்ன. முனை எங்க போச்சுன்னு பாக்கல. அப்புறம் அவுக்கறப்போ குறட்டால வெட்டினேன். மீதி உள்ளயே நின்னிருக்கும்."

"ஆட ஆடக் குத்தியிருக்கு," என்றான் செந்தில்நாதன். "முனை உள்ளயே அடைச்சிட்டு இருந்ததால ஆறினா நின்னுடும், சூடானா விடும்."

புகழேந்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நூல் அவர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இல்லை. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். வீரமணி சொன்னது அவருக்கு எட்டியதா என்பது எனக்கு இன்றும் தெரியாது.

நான் கம்பியைக் கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"இது எங்க வூட்டுக் கம்பி," என்றேன், உரக்க. "எங்க வூட்டு நூலு. கட்டினது என் தம்பி. நான் கற்பூரத்தத் தொட்டுச் சொன்னது சொன்னதுதான். எங்க அலங்காரத்துல வேற கை படல."

"அப்ப கவனக்குறைவுன்னு ஆவுமே தங்கவேலு," என்றார்.

"ஆவட்டும். அரிகரன் கை எங்க வண்டியில பட்டுதுன்னு ஆவறதுக்கு அது மேல்."

அரிகரன் டம்ளரைக் கீழே வைத்தான். "இன்னாண்ணா, என்னைக் காப்பாத்தறியா, திட்டறியா?"

"மோர் குடிச்சிட்டல்ல, கெளம்பு," என்றேன்.

நிர்வாகம் கூடியது. கம்பியைக் கைக்குக் கை கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த தைக்கும் அம்மன் எங்கள் காரில்தான் போவாள் என்று முடிவாயிற்று. ஆனால் வளைவைக் கிரில்லில் கட்டக்கூடாது. பின்னால் அரிகரனின் டிராக்டர், டிரெய்லரைக் கழுவி, பலகையோடு வரவேண்டும். இரண்டாவதை நான் எதிர்த்தேன். யாரும் கேட்கவில்லை. சரி என்று எழுந்து வந்தேன். ரேடியேட்டரைச் செந்தில்நாதன் மாற்றிக் கொடுத்தான். முள் இப்போது பாதியைத் தாண்டுவதில்லை. ஆனாலும் நான் பார்த்துக்கொண்டேதான் உட்காருகிறேன்.

பாகூர்ச் சந்தையில் இன்னும் பேசுகிறார்கள், அரிகரன் கம்பி செருகினான் என்றும், பங்காளி என்பதால் நான் மறைத்தேன் என்றும். அது பொய். அம்மன் எங்கள் காரை வேண்டாம் என்று இறங்கவும் இல்லை. ரேடியேட்டர் ஓட்டையானதால் இறக்கினோம். கம்பி எங்கள் வீட்டுடையது. அரிகரன் அந்தக் காரைத் தொடவே இல்லை.